ஒளியிழையும் நுண்கால்வாயும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

ஒளியிழை (ஃபைபர்) உணரிகளையும், முடி அளவுக் கால்வாய்களில் திரவம் ஓடும் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்புகளையும் சேர்த்து வேலை செய்கிறவன் நான். "கேட்க நினைப்பதைக் கேளுங்கள்" என்று சொன்னதும் நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

பள்ளி மாணவர்: ஒளி ஃபைபருக்குள் முழு அக எதிரொளிப்பு அடைந்து போகிறது என்று படித்தோம், சார். வெளியே வராத ஒளி, வெளியே இருக்கும் திரவத்தைப் பற்றி எப்படிச் சொல்லும்?

அருமையான கேள்வி, தம்பி. பாடப்படத்தில் கண்ணாடிக்கும் வெளிக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை இருக்கும். ஒளியின் மின்புலம் அந்தக் கோட்டில் சட்டென்று நின்றுவிடாது. அந்தப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்த்து, வேகமாக மங்கிவிடும். ஆய்வகத்தில் இதை எவனெசென்ட் அலை என்போம். கண்ணாடிக்கு அப்பால் தண்ணீர், ஒளி கண்ணுக்குத் தெரிகிற நிறம் என்றால், அது எட்டும் தூரம் ஏறத்தாழ 100 முதல் 200 நானோமீட்டர். குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற புரதத்தை ஃபைபரின் மேல் ஒட்டி வைப்போம். அதன் மூலக்கூறு ஒன்றின் அளவு 10 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். அதனால் ஃபைபரின் சுவரில் ஒட்டிய மூலக்கூறு அந்த வெளிச்சத்துக்குள் விழும், தள்ளி மிதப்பது விழாது. அங்கே ஏதாவது ஒளியை உறிஞ்சினாலோ ஒளிவிலகல் எண்ணை மாற்றினாலோ, ஃபைபரின் மறுமுனையில் வரும் ஒளியில் அது தெரியும்.

ஜெனீவாவில் டானியல் கொலாடன், பாய்ந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளி வளைந்து போவதைக் காட்டி 1842இல் எழுதினார். அங்கே தண்ணீரே ஒளிக்கு வழியாக இருந்தது. இப்போது அதே தண்ணீரைக் கண்ணாடிக்கு வெளியே ஓடவிட்டு அளக்கிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

வேதியியல் ஆசிரியை: ஃபைபரை ஒரு பீக்கரில் முக்கினால் போதாதா? முடி அளவுக் கால்வாய் எதற்கு?

முக்கலாம் மேடம், ஆனால் காத்திருக்க வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன 200 நானோமீட்டருக்குள் மூலக்கூறு தானாக வந்து சேர வேண்டுமே. இப்படித் தானாகப் பரவும் விரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் இருமடிப்படி கூடும். தண்ணீரில் ஒரு சின்னப் புரதம் 10 மைக்ரோமீட்டர் நகர ஏறத்தாழ அரை நொடி, 100 மைக்ரோமீட்டருக்கு 50 நொடி, 1 மில்லிமீட்டருக்கு 5000 நொடி. கடைசி எண் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல். கால்வாயைச் சுருக்குவது இதற்காகத்தான். கூடவே மாதிரியும் மிச்சமாகும். 100 மைக்ரோமீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட 1 சென்டிமீட்டர் நீளக் கால்வாயில் 0.1 மைக்ரோலிட்டர்தான் பிடிக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் ஓட்டம் எவ்வளவு கலங்கும் என்று சொல்லும் ரெனால்டு எண் 1க்கும் கீழே இருக்கும், ஓட்டம் அடுக்கடுக்காக நகரும் வரிச்சீர் ஓட்டமாகவே போகும். கலங்கவே கலங்காது. கால்வாயின் நடுவில் வருகிற மூலக்கூறுகளில் பெரும்பகுதி சுவரைத் தொடாமலே கழிவுக்குப் போய்விடும். விலை உயர்ந்த ஆன்டிபாடியை அப்படி வடிகாலில் விடுவதைப் பார்க்க மனசு வலிக்கும். ஓட்டத்தை மெதுவாக்குங்கள், அல்லது கால்வாயின் தரையில் மீன்முள் வடிவப் பள்ளங்கள் வையுங்கள். 2002இல் வந்த அந்த வடிவம் வரிச்சீர் ஓட்டத்தையே மடித்து மடித்துக் கலக்கிவிடுகிறது.

ஆய்வு மாணவி: தங்கம் பூசிய ஃபைபரில் எஸ்.பி.ஆர். (தங்கப் படலத்தின் எலக்ட்ரான்கள் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை உறிஞ்சும் விளைவு) அளக்கிறேன். மாதிரி எதுவும் விடாதபோதே அந்த அலைநீளம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. தங்கப் படலம் உரிகிறதா, அண்ணா?

உரியலாம்மா, ஆனால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.0001 குறைகிறது. சின்ன எண்ணாகத் தெரியும். உங்கள் உணரி ஒளிவிலகல் எண்ணின் ஓர் அலகுக்கு 2000 நானோமீட்டர் நகர்கிறது என்றால், 1 டிகிரி ஏறினாலே 0.2 நானோமீட்டர் நகர்ந்துவிடும். புரதம் ஒட்டியதால் வரும் நகர்வும் பல சமயம் அதே அளவுதான்.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு முறை மூன்று நாள் அளந்ததில் அழகான வளைவுகள் கிடைத்தன. மெல்ல ஏறி, தட்டையாகி, கழுவியதும் இறங்கும். பாடப்புத்தகத்தில் இருக்கிற பிணைப்பு வளைவேதான். நான்காம் நாள் ஆன்டிபாடியே இல்லாத வெறும் ஃபைபரை வைத்து ஓட்டினேன். அதே வளைவு வந்தது. குளிரூட்டி நின்று ஓடும் நேரமும் நான் கழுவும் நேரமும் தற்செயலாக ஒத்துப்போயிருந்தன. அந்த மூன்று நாள் தரவையும் தூக்கிப் போட்டேன்.

அதிலிருந்து என் சிப் எதிலும் இரண்டு ஃபைபர் இருக்கும். ஒன்றில் ஆன்டிபாடி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இரண்டும் ஒரே கால்வாயில், ஒரே திரவத்தில். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் நம்புகிறேன். நீங்களும் இன்றே வெறும் பஃபரை (பி.எச். மாறாமல் இருக்கும் கரைசலை) இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பக்கத்திலேயே வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறி இறங்கினால் தங்கத்தின் மேல் பழி வேண்டாம்.

பொறியாளர்: பிராக் கீற்றணி ஃபைபரை (ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்கோடுகள் உள்ளே எழுதப்பட்டதை) திரவத்தில் வைத்தேன். சர்க்கரைக் கரைசலை மாற்றினாலும் அந்த அலைநீளம் அசையவில்லை. பழுதா?

பழுதில்லை, அதன் இயல்பே அதுதான். சாதாரண ஒற்றைமுறை ஃபைபரில் கோர் என்ற நடுப்பகுதி 9 மைக்ரோமீட்டர், வெளி விட்டம் 125. ஒளி ஓடுவது கோரில், அதைச் சுற்றி எந்தப் பக்கமும் கிளாடிங் என்ற 58 மைக்ரோமீட்டர் கண்ணாடி உறை. திரவம் இருப்பதே அந்த ஒளிக்குத் தெரியாது. கோடுகளுக்கு இடையே தூரம் அதிகமுள்ள கீற்றணியோ கோடுகள் சாய்ந்த கீற்றணியோ போட்டால் ஒளி கிளாடிங்குக்கு வரும், அப்போது தெரியும்.

இந்தக் குறையையே ஒரு வசதியாக்கிக்கொள்ளலாம். பிராக் கீற்றணி திரவத்தைப் பார்க்காது, ஆனால் 1550 நானோமீட்டர் பகுதியில் 1 டிகிரிக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகரும். உணரி இருக்கிற அதே ஃபைபரில் ஒன்றைச் சேர்த்து எழுதிவிட்டால், மேலே அந்த மாணவிக்குத் தேவைப்பட்ட வெப்பமானி கையிலேயே இருக்கும். ஃபைபர் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்தாலும் நகரும்.

முதுகலை மாணவர்: ஒளி திரவத்தை எட்டும்படி கிளாடிங்கைக் கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பயன்படுத்தலாமா?

பயிற்சி இல்லாமல் வேண்டவே வேண்டாம். அது தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம். உள்ளே ஊடுருவி உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், சின்ன இடத்தில் பட்டதே உயிருக்கு ஆபத்தாகலாம். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில், தனியாக, யாரும் இதைத் தொடக்கூடாது. பக்கவாட்டில் தேய்த்து மெருகூட்டலாம், சூடாக்கி இழுத்து மெலிதாக்கலாம், பாலிமர் கிளாடிங் கொண்ட ஃபைபரை வாங்கி உரிக்கலாம். வழிகள் இருக்கின்றன.

பலரும் கேட்டது: குமிழி, குமிழி, குமிழி. என்னதான் செய்வது?

இந்தத் துறையில் ஆய்வுக் கட்டுரையில் வராமல் ஆய்வு நேரத்தை அதிகம் தின்பது இதுதான். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00, தண்ணீருடையது 1.33. ஊசிமுனை அளவுக் குமிழி ஒன்று ஃபைபரின் மேல் உட்கார்ந்தால் சமிக்ஞை செங்குத்தாகத் தாவும். அது நகர்ந்து போன பிறகும் முழுசாகப் பழைய இடத்துக்கு வராது, ஏனென்றால் போகும்போது ஒட்டியிருந்த புரதத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை நேராகச் செலுத்துகிறீர்களா? அங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள். குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று, சூடேறும்போது கால்வாய்க்குள்ளேயே குமிழியாக வெளிவரும். பஃபரை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, அரை மணி நேரம் வெற்றிடத்தில் வைத்து வாயு நீக்குங்கள். அப்புறம், காலியான சிப்பில் முதலில் கார்பன் டை ஆக்சைடை ஓடவிட்டுப் பிறகு திரவத்தை விட்டால் மிஞ்சும் வாயு தண்ணீரில் கரைந்துவிடும். எத்தனாலில் முதல் நிரப்பு செய்வதும் நல்லது, ஆனால் புரதத்தை ஒட்டுவதற்கு முன்னால் மட்டும். பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பர் சிப்பைப் பிளாஸ்மாவில் (மின்னூட்டிய வாயுவில்) வைத்ததும் நீரை விரும்பும் பரப்பாகும், ஆனால் அது நிலைக்காது. நாளாக ஆக மறுபடி நீரை விலக்க ஆரம்பிக்கும். அன்றைக்குச் செய்த சிப்பை அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.

மருந்தாக்கவியல் மாணவர்: சின்ன மருந்து மூலக்கூறின் செறிவு, சிப்பிலிருந்து வெளியே வரும்போது குறைந்திருக்கிறது.

பி.டி.எம்.எஸ். உறிஞ்சியிருக்கும். கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகளை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடிச் சிப்புக்கு மாறுங்கள்.

மருத்துவர்: இவ்வளவு மெல்லிய ஃபைபரை ரத்தக் குழாய்க்குள்ளேயே விட்டு ஆக்சிஜன், பி.எச். தொடர்ந்து அளக்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள், டாக்டர். பீனால் ரெட் சாயத்தை முனையில் வைத்த பி.எச். ஃபைபர் 1980இலேயே வந்துவிட்டது. ஆக்சிஜனுக்கு ருத்தீனியம் சேர்மங்கள் இருக்கின்றன. ஆக்சிஜன் பட்டால் அவற்றின் ஒளிர்வு சீக்கிரம் அணையும், எவ்வளவு சீக்கிரம் என்பதை அளந்தால் செறிவு தெரியும். ஆய்வகத்தில் இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் ரத்த நாளத்தில் முனையைச் சுற்றி ரத்தம் உறைந்தது, முனை குழாய்ச் சுவரில் சாய்ந்தால் ரத்தத்தை விட்டுத் திசுவின் ஆக்சிஜனை அளந்தது. மேசை மேல் பஃபரில் கிடைக்கும் துல்லியத்தை மட்டும் காட்டுகிற கட்டுரையைப் பார்த்தால், "ரத்தத்தில் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். ஆன்டிபாடி தனக்கு வேண்டியதைப் பிடிக்கும், ஆனால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதம் எந்தப் பரப்பிலும் போய் உட்காரும். இந்தத் துறையின் உண்மையான சண்டை அந்தக் கடைசிச் சில நானோமீட்டரில், அந்த வேண்டாத விருந்தாளியோடு நடக்கிறது.

ஆர்வலர்: லேசரும் நிறமாலைமானியும் இல்லாமல் நானே ஒன்று செய்து பார்க்க முடியுமா?

தாராளமாக. 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஃபைபர், ஓர் எல்.இ.டி., ஓர் ஒளி டையோடு. ஃபைபரை மிதமாகச் சூடாக்கி U வடிவில் வளைத்து, வளைவின் மேல் உள்ள மெல்லிய கிளாடிங்கை மணல்தாளால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். வளைப்பதை விட்டுவிடாதீர்கள். நேரான ஃபைபர் தண்ணீரில் ஒளியைப் பெரிதாக இழக்காது, அதனால் மாற்றமே தெரியாது. வளைவில்தான் ஒளி கசிகிறது. எடையில் 10 சதவீதம் சர்க்கரை கலந்த கரைசலின் ஒளிவிலகல் எண் 1.348, 20 சதவீதத்துக்கு 1.364, வெறும் தண்ணீர் 1.333. எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து 0, 10, 20 என்று முக்கி அளந்துவிட்டு, நன்றாகக் கழுவி மறுபடி 0இல் வையுங்கள். கடைசி 0, முதல் 0 இருந்த இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பும் வரை ஆன்டிபாடி வாங்கப் போகாதீர்கள்.