ஆக்ஸலாட்டில் மண்புழுவைத் துப்புகிறது, வயிறோ பருத்துக்கொண்டே போகிறது

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் தேயிலையும் கொஞ்சம் மலைக்காய்கறியும் பயிர் செய்கிறேன். மண்புழு உரத்தொட்டியும் உண்டு. என் மகள் ஒன்றரை வருடமாக ஆக்ஸலாட்டில் என்ற நீர்வாழ் பிராணி ஒன்றை வளர்க்கிறாள். இப்போது ஒரு சாண் நீளம் இருக்கும். உரத்தொட்டிப் புழுவைப் போட்டால் வாயில் வாங்கி உடனே துப்பிவிடுகிறது. அதனால் தினமும் கோழி ஈரலை நறுக்கிப் போடுகிறோம், ஆசையாகத் தின்கிறது. கொஞ்ச நாளாக வயிறு தலையைவிட அகலமாகத் தெரிகிறது. பட்டினி போடலாமா? தொட்டியின் அடியில் வண்ணக் கூழாங்கல் போட்டிருக்கிறோம், அதனால் ஏதும் தொந்தரவு வருமா?

பதில்: பட்டினி வேண்டாம். ஈரலை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். ஆக்ஸலாட்டில் குளிர்ந்த நீரில் வாழும் இருவாழ்வி. மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப் பகுதிதான் அதன் சொந்த ஊர். அங்கே புழு, பூச்சி, நத்தை, சின்ன மீன் என்று தின்று வளர்ந்த இனம். கோழி, ஆடு, மாட்டின் கொழுப்பு அதன் வயிற்றுக்குச் சரிப்படாது. ஈரலில் வைட்டமின் ஏ வேறு மிக அதிகம். தினமும் கொடுத்தால் அதுவே கெடுதல்.

புழுவைத் துப்புவதற்கு உங்கள் ஆக்ஸலாட்டிலைக் குறை சொல்ல முடியாது. உரத்தொட்டியில் ஒரு புழுவை எடுத்துப் பாருங்கள். சிவப்பாக, உடம்பில் மஞ்சள் வளையம் வளையமாகத் தெரிகிறதா? விரலால் லேசாக அழுத்தினால் மஞ்சளாக ஒரு நீர் கசிந்து நாறுகிறதா? அப்படியானால் அது ஐசீனியா ஃபெடிடா. குளிரைத் தாங்கும் என்பதால் மலைப்பகுதித் தொட்டிகளுக்கு ஏற்ற புழு. அந்த நீரின் கசப்புதான் ஆக்ஸலாட்டிலுக்குப் பிடிப்பதில்லை. சமவெளியில் பலர் வளர்க்கும் ஆப்பிரிக்கப் புழு, அதாவது யூட்ரிலஸ், இன்னும் பருமனாக, ஊதா மினுமினுப்போடு இருக்கும். அதைத் தயங்காமல் விழுங்கும். ஆனால் அந்தப் புழுவுக்குக் குளிர் ஆகாது. உங்கள் ஊரில் வளர்க்க நினைத்தால், பனிக்காலத்தில் ஒரு பெட்டியை வீட்டுக்குள் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

வேறு புழு கிடைக்கும்வரை இருக்கும் சிவப்புப் புழுவையே கொஞ்சம் பக்குவப்படுத்திக் கொடுக்கலாம். ஈரமான தேங்காய் நாரிலோ மை இல்லாத தாளிலோ ஒரு நாள் விட்டுவையுங்கள். வயிற்றிலிருக்கும் மண் கழிந்துவிடும். பிறகு கழுவி, கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்து, ஆறவைத்துக் கொடுங்கள். கசப்பு பெருமளவு குறையும். காய்கறி நிலத்தில் தோண்டினால் வரும் புழுவும் நல்லதுதான், ஆனால் சில ஆண்டுகளாக மருந்து தெளிக்காத பாத்தியாக இருக்க வேண்டும். தேயிலைச் செடி அடியில் எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

கொடுக்கும் விதமும் முக்கியம். இதற்குக் கண் பார்வை மந்தம். மோப்பத்தையும் நீரின் அசைவையும் வைத்துத்தான் இரை தேடும். நுனி மழுங்கிய நீளமான இடுக்கியில் புழுவைப் பிடித்து மூக்குக்கு முன்னால் மெல்ல ஆட்டுங்கள். படக்கென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். பாதிப் புழு வெளியே தொங்க, இரண்டு மூன்று மடக்காக உள்ளே இழுக்கும். நடுவில் ஒருமுறை வெளியே விட்டு மறுபடி பிடித்தால் கவலைப்படாதீர்கள், அது அதன் வழக்கம். மென்று தின்னும் பல் கிடையாது. அதனால் தலையின் அகலத்தைவிடப் பருமனான எதையும் கொடுக்கக் கூடாது. நீளமான புழுவைத் துண்டு போடலாம்.

கூழாங்கல் ஆபத்தாவதும் இந்த உறிஞ்சலால்தான். இரையோடு கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். உங்களுடையதன் வயிறு கல்லால் உப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டு அடியை வெறுமையாக விடுங்கள், வேண்டுமானால் மிக நைசான மணல் போடலாம். இரண்டு வாரமாகக் கழிவே கண்ணில் படவில்லை, அல்லது மேலே மிதந்துகொண்டு கீழே இறங்கத் திணறுகிறது என்றால் தீனியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் கல் தெரிந்துவிடும்.

இனி எடை. வளர்ந்த ஆக்ஸலாட்டில் 20 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இத்தனை கிராம்தான் சரி என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. மேலிருந்து பாருங்கள்: வயிற்றின் அகலமும் தலையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரியான உடம்பு. வயிறு ஒட்டி, வாலின் அடிப்பகுதி மெலிந்திருந்தால் தீனி போதவில்லை. ஒன்று கவனியுங்கள், உங்களுடையது பெண்ணாக இருந்து முட்டை கட்டியிருந்தாலும் இதே மாதிரிதான் அகலமாகத் தெரியும். ஆண் என்றால் பின்கால்களுக்குப் பின்னால் கழிவாய் நன்றாகப் புடைத்திருக்கும். புடைப்பு இல்லையென்றால் பெண் என்று வைத்துக்கொண்டு, கொழுப்புதான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

மகளிடம் ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். சமையலறைத் தராசில் தண்ணீர் நிறைத்த டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கி, இன்னொரு சின்ன டப்பாவால் ஆக்ஸலாட்டிலை மொண்டு, தண்ணீரை வடித்துவிட்டு அதில் விட்டால் எடை வந்துவிடும். வலை வேண்டாம், செவுள் இழைகள் சிக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை போதும், அடிக்கடி எடுத்தால் மிரண்டுபோகும்.

இந்த வயதில் தினமும் தீனி தேவையே இல்லை. குட்டியாக இருந்தபோது தினமும் கொடுத்தது சரிதான். வளர்ந்ததற்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு நடுத்தரப் புழு தாராளம். உங்களுடையதன் எடை இறங்க வேண்டியிருப்பதால் இப்போதைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு புழு கொடுங்கள். எடை மெல்ல, மாதக் கணக்கில்தான் குறையும். ஈரல் ருசி கண்டது முதல் சில நாள் முகத்தைத் திருப்பும். ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலும் வளர்ந்த, கொழுத்த ஆக்ஸலாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது, மகளின் கெஞ்சலுக்கு நீங்கள் இளகாமல் இருந்தால் போதும். கடையில் விற்கும் மூழ்கும் வகைக் குறுந்தீனியை இடையிடையே கொடுக்கலாம். தங்கமீன் போன்ற தீனி மீன்கள் வேண்டாம். ஒட்டுண்ணியும் நோயும் கூடவே வரும்.

தின்னாமல் விட்ட துண்டை அன்றே எடுத்துவிடுங்கள், அழுகினால் நீரில் அம்மோனியா ஏறும். நீரின் வெப்பம் 16 முதல் 18 டிகிரி இருப்பது நல்லது. இந்த விஷயத்தில் உங்கள் ஊர் கொடுத்துவைத்த ஊர், சென்னையில் குளிரூட்டி இல்லாமல் இதை வளர்க்கவே முடியாது. மார்கழிக் குளிரில் தண்ணீர் மிகவும் சில்லிட்டால் செரிமானம் மந்தமாகும், அப்போது தீனியை இன்னும் குறையுங்கள்.

அப்புறம், இது சைட்டிஸ் எனப்படும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், முடியாவிட்டால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். பெண்ணாக இருந்து துணை சேர்த்தால் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும், எனவே ஜோடி வாங்கித் தரச்சொல்லி மகள் கேட்டால் யோசித்துச் செய்யுங்கள். வளர்க்க முடியவில்லை என்று எந்தக் காரணத்துக்காகவும் பக்கத்து ஓடையில் விட்டுவிடாதீர்கள்.