கெட்டிஸ்பர்க்கில் குண்டடி பட்டாரா சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா?

கேள்வி: மகள் அமெரிக்காவில், மில்வாக்கியில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர், ஜெர்மன் வம்சாவளி. சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா 1860-களில் நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவராம். கெட்டிஸ்பர்க்கில் காலில் குண்டு பாய்ந்தது என்று ஒரு கதை. ‘ஷ்மிட்’ என்ற குடும்பப் பெயரை எல்லிஸ் தீவில் அதிகாரிகள் ‘ஸ்மித்’ ஆக்கிவிட்டார்கள் என்று இன்னொரு கதை. கையில் இருப்பது கல்லறைக் கல்லின் படம் மட்டும். அதில் பெயரும் ‘கம்பெனி எஃப், 26 விஸ்கான்சின் இன்ஃபன்ட்ரி’ என்பதும் இருக்கின்றன. 1902-இல் விஸ்கான்சினிலேயே இறந்தார். மனைவி அதன் பிறகும் பல வருடம் இருந்திருக்கிறார். பேத்தியின் பள்ளி வேலைக்காக நான் தேடத் தொடங்கினேன். கப்பல் பட்டியல்களில் அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர். ஜெர்மனியில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: கப்பல் பட்டியலை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள், அம்மா. எல்லோரும் அங்கேதான் தொடங்கி அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். ஊர் பெயர் தெரியாமல் ‘ஷ்மிட், வயது 20, பிரஷ்யா’ (பிரஷ்யா அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்று) என்று தேடினால் கிடைக்கிற நூறு பேரில் உங்களுக்கு வேண்டியவர் யார் என்று சொல்ல எந்த வழியும் இல்லை. இவரைப் பொறுத்தவரை சாவி பென்ஷன் கோப்பில், அதாவது வீரரோ அவர் விதவையோ அரசிடம் பென்ஷன் கேட்டுக் கொடுத்த காகிதங்களின் தொகுப்பில், இருக்கிறது.

எல்லிஸ் தீவுக் கதையை முதலிலேயே தள்ளிவிடலாம். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த அந்த நிலையம் திறந்தது 1892 ஜனவரியில். போர் முடிந்ததோ 1865-இல். இவர் நியூயார்க் வழியாக வந்திருந்தால், 1855 ஆகஸ்டுக்குப் பிறகு என்றால், அதற்கு முன்பிருந்த குடியேறிகள் நிலையமான காசில் கார்டனில் இறங்கியிருப்பார். அங்கும் யாரும் பெயரை மாற்றி எழுதவில்லை. பட்டியலைத் தயாரித்தது கப்பல்காரர்கள். ஸ்பெல்லிங் மாறியது பெரும்பாலும் ஆள்சேர்ப்பு எழுத்தரின் கையில், அல்லது குடும்பமே பின்னாளில் மாற்றிக்கொண்டது. அதனால் தேடும்போது எல்லா ஸ்பெல்லிங்கையும் போட்டுப் பாருங்கள்.

கல்லில் கம்பெனி, ரெஜிமென்ட் இரண்டும் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். 26-ஆவது விஸ்கான்சின் ஜெர்மன்காரர்களைக் கொண்டே திரட்டப்பட்ட படை. 1862 செப்டம்பரில் மில்வாக்கியில் பணியில் சேர்ந்தது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் படைவீரர் தரவுத்தளத்தில் ரெஜிமென்ட் வாரியாகப் பெயர்களை இலவசமாகப் பார்க்கலாம். ஒரே ஆள் இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கில் தனித்தனி ஆளாக அங்கே நிற்பார், பதற வேண்டாம். அங்கே கிடைப்பது பெயரும் படைப்பிரிவும் பதவியும்தான்.

அடுத்தது பென்ஷன் அட்டைகள், அதாவது யாருடைய கோப்பு எந்த எண்ணில் என்று காட்டும் அட்டைகள். தேசிய ஆவணக் காப்பகம் எண் கொடுத்து வைத்திருக்கும் இரண்டு வரிசைகள் உண்டு. டி288 பெயர் வரிசை. டி289 ரெஜிமென்ட், கம்பெனி வரிசை. பெயர் குழப்பமாக இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு டி289 தான் வரம். 26 விஸ்கான்சின், கம்பெனி எஃப் என்று எடுத்தால், அந்தக் கம்பெனியில் பென்ஷன் கேட்ட எல்லோரும் அடுத்தடுத்து வருவார்கள். எப்படி எழுதியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். டி288-ஐ ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கிலேயே பார்க்கலாம். டி289 ஃபோல்ட்3 என்ற கட்டணத் தளத்தில் இருக்கிறது.

அட்டையில் இரண்டு வகை எண்கள் இருக்கும்: விண்ணப்ப எண், சான்றிதழ் எண். வீரருக்கு ஒரு வரி, விதவைக்கு ஒரு வரி. விதவைக்குச் சான்றிதழ் எண் இருந்தால் கணவரின் காகிதங்களும் பொதுவாக அதற்குள் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எக்ஸ்சி’ என்று தொடங்கும் எண் இருந்தால், கோப்பு பிற்காலத்தில் முன்னாள் படைவீரர் துறைக்குப் போயிருக்கக்கூடும். விதவை நீண்ட காலம் வாழ்ந்தவர் என்கிறீர்கள், அதனால் இதைக் கவனியுங்கள்.

அட்டையில் இன்னொன்றும் பாருங்கள், விண்ணப்பம் கொடுத்த தேதி. குண்டு கதைக்கு அதுவே முதல் சோதனை. 1862 சட்டப்படி போரில் காயம்பட்டவருக்கும் அங்கே நோய் கண்டவருக்கும்தான் பென்ஷன். 1879-இல் பழைய பாக்கியும் சேர்த்துத் தருவதாகச் சட்டம் வந்தபோது காயம்பட்டவர்கள் விண்ணப்பங்களோடு குவிந்தார்கள். 1890 சட்டமோ, 90 நாள் பணி செய்து முறையாக விடுவிக்கப்பட்டவர் இப்போது உழைக்க முடியாத நிலையில் இருந்தால் போதும், போரால் வந்த ஊனமாக இருக்க வேண்டியதில்லை என்றது. இவரது முதல் விண்ணப்பம் 1865-க்கும் 1880-க்கும் இடையே என்றால் காயக் கதைக்கு வலு உண்டு. 1890-க்குப் பிறகு வாத நோயைச் சொல்லி விண்ணப்பித்திருந்தால், கெட்டிஸ்பர்க் குண்டு பேரன்களுக்குச் சொன்ன கதையாகவும் இருக்கலாம்.

கோப்பை வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், படிவம் 85 வழியாக இணையத்திலேயே ஆர்டர் செய்யலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘பென்ஷன் ஆவணப் பொதி’ என்று மலிவாக ஒன்று இருக்கும். அது பொறுக்கியெடுத்த சில பக்கங்கள்தான். ‘முழுக் கோப்பு’ என்பதையே தேர்ந்தெடுங்கள். 100 பக்கம் வரை ஒரே கட்டணம், அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். விலை இரண்டு மடங்குக்கும் மேல் என்றாலும், ஊர் பெயர் இருக்கும் பக்கம் மலிவுப் பொதியில் வராமல் போகலாம். மருமகன் பேரில் ஆர்டர் போடுவது சுலபம்.

அந்தக் கோப்பில் என்ன தேட வேண்டும்? 1898-இல் பென்ஷன் அலுவலகம் எல்லோருக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், எங்கே எப்போது யார் நடத்திவைத்த திருமணம், உயிரோடிருக்கும் பிள்ளைகள், அவர்கள் பிறந்த தேதி எல்லாம் அதில் உண்டு. 1902 வரை இருந்தவர் என்பதால் பதில் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். விதவை திருமணத்தை நிரூபித்தாக வேண்டும். ஜெர்மனியில் நடந்திருந்தால் அந்தச் சர்ச் சான்று, அமெரிக்காவில் நடந்திருந்தால் கூட இருந்தவர்களின் வாக்குமூலம் இருக்கும். ‘இவரை ஊரிலேயே சின்ன வயதிலிருந்து தெரியும்’ என்று சாட்சி சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்தான் பல கோப்புகளில் கிராமத்தின் பெயரைக் கொடுத்துவிடுகிறார். சாட்சிகளின் பெயர்களையும் குறித்துவையுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்களாக இருப்பார்கள். இவருடைய ஊர் கிடைக்காவிட்டால் அவர்களுடைய ஊரைத் தேடலாம். மருத்துவப் பரிசோதனைத் தாளில் மனித உருவப் படம் அச்சிட்டிருக்கும், தழும்பு எங்கே என்று டாக்டர் அதில் குறிப்பார். காலில் குறி இருக்கிறதா என்று பேத்தியே பார்த்துச் சொல்லட்டும்.

பணிப் பதிவை அதே காப்பகத்தில் படிவம் 86 மூலம் வாங்கலாம். அது மூல ஆவணம் இல்லை. போர் முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, எழுத்தர்கள் பழைய மஸ்டர் ரோல்களைப் பார்த்து ஆளுக்கு ஆள் அட்டைகளில் எழுதி வைத்தது. நம் ஊர் வேலைத்தள மஸ்டர் ரோலைப் போலத்தான் அதுவும்: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சம்பளத்துக்காக எடுத்த வருகை. ‘இருந்தார்’ என்று போட்டிருந்தால் அந்த ஒரு நாளில் இருந்தார் என்று மட்டுமே பொருள். கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை 1-இல் தொடங்கியது. அதற்கு முந்தின வருகை ஜூன் 30. ஜூன் அட்டையில் ‘இருந்தார்’ என்பதைப் பார்த்துவிட்டு ‘ஆஹா, கெட்டிஸ்பர்க்கில் இருந்திருக்கிறார்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் ஏராளம். நீங்கள் பார்க்க வேண்டியது ஜூலை–ஆகஸ்ட் அட்டை. ‘காயம், மருத்துவமனையில்’ என்றோ ‘கைதி’ என்றோ அதில்தான் வரும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மே 2 சான்சலர்ஸ்வில் சண்டையையும் யோசியுங்கள். அதிலும் இந்தப் படை கடுமையாக அடிபட்டது. வீட்டுக் கதைகளில் போர்களின் பெயர் இடம் மாறுவது சகஜம். மருத்துவமனை அட்டைகள் பணிப் பதிவோடு சேர்ந்து வராது, தனியாகக் கேட்க வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு போதும். 1890 ஜூனில் படைவீரர்களுக்கென்று எடுத்த தனிக் கணக்கெடுப்பில் கென்டக்கியில் பாதி தொடங்கி அகர வரிசையில் பின்னால் வரும் மாநிலங்கள்தான் எஞ்சின; விஸ்கான்சின் அதில் உண்டு. சேர்ந்த நாள், விடுபட்ட நாள், உடல் ஊனம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். 1900 கணக்கெடுப்பில் அமெரிக்கா வந்த ஆண்டு ஒரு பத்தி. அந்த ஆண்டை ஒன்றிரண்டு வருடம் முன்பின்னாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமைக் காகிதத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1862 ஜூலைச் சட்டம் முறையாக விடுவிக்கப்பட்ட, 21 வயது நிரம்பிய வீரருக்கு ஓராண்டு வசிப்பு போதும், குடியுரிமை பெற விரும்புகிறேன் என்று முதலில் கொடுக்கும் முன்னறிவிப்பு மனு வேண்டாம் என்றது. அதனால் முதல் மனுவைக் காணோமே என்று தேடி அலைய வேண்டாம். 1906-க்கு முந்தைய காகிதங்களில் பெரும்பாலும் ‘பிரஷ்யா அரசரின் குடி’ என்பதோடு சரி. அதைவிட, அவரை அடக்கம் செய்த லுத்தரன் அல்லது கத்தோலிக்கச் சர்ச்சின் மரணப் பதிவேட்டை மருமகன் நேரில் போய்ப் பார்க்கட்டும். ஜெர்மன் போதகர்கள் பிறந்த ஊரையும் எழுதிவைப்பது வழக்கம்.

ஊர் கிடைத்த பிறகு கப்பலுக்கு வாருங்கள். ஜெர்மன் துறைமுகமான ஹாம்பர்க்கிலிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல்கள் 1850 முதல் இருக்கின்றன, சொந்த ஊரோடு. இன்னொரு துறைமுகமான பிரேமனின் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. கனடாவின் கியூபெக் வழியாக வந்திருந்தால் 1865-க்கு முன் அநேகமாக எதுவுமே இல்லை. ஆகக் கப்பல் கிடைக்காமலே போகலாம். ஊர் கையில் இருந்தால் அது பெரிய இழப்பில்லை. பிரஷ்யாவின் பெரும்பகுதியில் அரசுப் பிறப்புப் பதிவு 1874 அக்டோபரில்தான் தொடங்கியது என்பதால் இவர் பிறப்பு அநேகமாகச் சர்ச் ஏட்டில் மட்டும் இருக்கும். புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்கு ஆர்க்கியோன், கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா என்ற தளங்கள் உண்டு. எழுத்து பழைய ஜெர்மன் கையெழுத்து. இன்றைய ஜெர்மன் தெரிந்தவர்களே திணறுவார்கள். குடும்பப் பெயரை மட்டும் அந்த எழுத்தில் பத்துப் பதினைந்து முறை எழுதிப் பழகிவிட்டு உட்காருங்கள், ஏட்டில் அந்தப் பெயர் வரும் இடம் கண்ணில் படும்.