குண்டூசித் தலை அளவு நத்தைக்குக் குருணை எதற்கு?

கேள்வி: கீழ் கோத்தகிரிப் பக்கம் மூன்று ஏக்கரில் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். மழை பிடித்ததிலிருந்து சில்வர் ஓக் மரத்தடிச் சருகிலும், பாசி படிந்த கல்கட்டிலும் குண்டூசித் தலை அளவு நத்தைகள் தெரிகின்றன. புதிதாக வாங்கிய மிளகு நாற்றுப் பைகளுக்குப் பக்கத்தில் பெரிய நத்தைகளும் நான்கைந்து கிடைத்தன. சின்னவை அவற்றின் குஞ்சுகள்தான், தோட்டம் முழுக்க மெட்டால்டிஹைடு என்ற நத்தைக்கொல்லிக் குருணை போடுங்கள் என்கிறார் மருந்துக் கடைக்காரர். ஏக்கருக்கு எவ்வளவு போடட்டும்?

பதில்: சின்ன நத்தைகளுக்கு ஒரு பிடி கூட வேண்டாம் ஐயா. உங்கள் பெரிய நத்தை ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக இருக்கும். அதன் முட்டையே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இருக்கும். பொரிந்து வரும் குஞ்சும் கிட்டத்தட்ட அதே அளவுதான். முட்டையைவிடச் சிறிய குஞ்சு எப்படிப் பிறக்கும்? கடைக்காரர் உங்கள் கல்கட்டைப் பார்க்கவில்லை, தன் அலமாரியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான்: மருந்துக்குக் காசு எடுக்கும் முன் 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பை குருணையின் விலைகூட ஆகாது. இலைப்பேன், சிலந்திப்பேன், செதில்பூச்சி எதுவானாலும் லென்ஸில் பார்க்காமல் மருந்தடிப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இப்போது அந்தச் சின்ன நத்தையை லென்ஸில் பாருங்கள். முதலில் கூட்டின் சுற்றுகளை எண்ணுங்கள். குஞ்சு என்றால் இரண்டு மூன்று சுற்றுதான் இருக்கும், கூட்டின் வாயோரம் காகிதம் போல மெலிந்திருக்கும். ஐந்தாறு சுற்று இருந்து, வாயோரம் தடித்து வெளிப்பக்கம் மடிந்திருந்தால் அது முழுதாக வளர்ந்த நத்தை. அதன் உருவமே அவ்வளவுதான். அப்புறம், உடம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது வாயை ஒரு வட்ட மூடி அடைக்கிறதா என்று பாருங்கள். ராட்சத நத்தைக்கு அந்த மூடி கிடையாது.

கடைசிச் சுற்று கூட்டிலிருந்து விலகி, திரும்பி மேல்நோக்கி வளைந்திருந்தால் தயவுசெய்து நிதானமாகப் பாருங்கள். ஒபிஸ்தோஸ்டோமா என்ற பேரினம் அப்படித்தான் இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டில் நெருக்கமாக வரிவரியாய் விலா எலும்பு போன்ற மேடுகள். 1860இல் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்ததே உங்கள் நீலகிரியில் கிடைத்த நத்தையைக் கொண்டுதான். இந்தியாவில் இது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது. இதன் உறவுகள் மலேசியா, போர்னியோவின் சுண்ணாம்புக் குன்றுகளில் இருக்கின்றன. 2008இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட ஒன்று மலேசியாவின் பேராக் மாநிலத்தில் குனோங் ராப்பாட் என்ற ஒரே குன்றிலிருந்து வந்தது. நத்தையால் மலை தாண்டிப் போக முடியாது. இருக்கிற இடத்தில் அழிந்தால் அதோடு சரி. மெட்டால்டிஹைடுக்கு நல்ல நத்தை, கெட்ட நத்தை என்ற பேதமும் தெரியாது. தோட்டத்து நாய் தின்றாலும் ஆபத்து.

உங்களிடம் இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். எங்கும் பரவிக் கிடக்கும் கலியெல்லா போன்ற சாதாரணப் பொடி நத்தையாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்தப் பொடி நத்தைகள் மக்கும் சருகையும் பூஞ்சையையும் பாசியையும் மேய்பவை, காபி இலையைத் தொடுவதில்லை. சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டாலே போதும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, பெரிய நத்தை எப்படி வந்தது என்பதை. நாற்றுப் பை மண்ணில் முட்டையாக வந்திருக்கும். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் இடும். நத்தை இருக்கும் நாற்றங்காலில் மலிவு என்று வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். இனி வாங்கும் பைகளைத் தனியாக வைத்து, மேல்மண்ணைக் கிளறி, வெளிர்மஞ்சள் முட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

இப்போது இருப்பதைப் பிடிக்க, பைகளைச் சுற்றி நனைத்த கோணிச்சாக்கு விரித்து, அடியில் பப்பாளித் தண்டோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். காலையில் கையுறையோடு பொறுக்கி, வாளியில் உப்புத் தண்ணீரில் போடுங்கள். எலிகளிடமிருந்து வரும் நுரையீரல் புழு இவற்றில் இருக்கக்கூடும், வெறும் கை வேண்டாம். உப்பை மண்ணில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

சின்ன நத்தையின் பெயர் தெரிய வேண்டுமானால், உயிருள்ளதைக் கொல்ல வேண்டியதில்லை. சருகைச் சலித்தால் காலிக் கூடுகள் கிடைக்கும். ஒன்றைக் கிராஃப் தாளில் நுனி மேலே, வாய் நம்மைப் பார்க்கும்படி வைத்துப் படம் எடுங்கள். இடம், தேதி, எந்த மரத்தடி என்று குறித்து, பஞ்சு வைத்த மாத்திரைக் குப்பியில் கூடுகளோடு பெங்களூரு ஏட்ரீ (ATREE) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்துக்கோ சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்கோ (ZSI) எழுதிக் கேட்டு அனுப்புங்கள்.