செவ்வாய்க்கிழமையில் மிஞ்சும் அரை மணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 7 மணி நேரம் வகுப்பும் ஆய்வகமும். போய்வர ஒன்றரை மணி. அதில் நான்கு நாள் மாலையில் 4 மணி நேரம் பகுதிநேர வேலை. ஒரு பிளானர் வாங்கி, பாடத்துக்கு ஒரு நிறம் என்று அரைமணி அரைமணியாகப் பிரித்து எழுதினேன். இரண்டு வாரம்தான். பிறகு அதைத் திறக்கவே பயமாக இருக்கிறது. எனக்கு ஒழுங்கு போதவில்லையா? ஒரு பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புள்ள மாணவிக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை முதல் இரவு பதினொன்று வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லை. சாப்பாடு எங்கும் இல்லை. நாலரைக்கு வகுப்பு முடிகிறது, அதே நாலரைக்கு வேலை தொடங்குகிறது. பறந்துதான் போக வேண்டும். மீதி ஆறரை மணி நேரமும் படிப்பு. ஒழுங்கில்லாதவர் ஸ்கேல் வைத்து இவ்வளவு கோடு போடமாட்டார். கோளாறு கணக்கில்தான்.

24 மணியில் தூக்கத்துக்கு 8, வகுப்புக்கு 7, வேலைக்கு 4, போய்வர ஒன்றரை. சாப்பாடு, குளியல், சும்மா உட்கார்வது எல்லாம் சேர்த்து 3 என்று வையுங்கள். மிச்சம் அரை மணி. ஆறரை மணி நேரத்தை அதற்குள் அடைக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் வாரம் முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டால் முப்பத்திரண்டரை மணி நேரம் கிடைக்கிறது. அதில் 26 சனி ஞாயிறில் இருக்கிறது, நாலரை மணி நேரம், வேலை இல்லாத அந்த ஒரு நாளில். உங்கள் படிப்பு நடக்க வேண்டிய இடம் அங்கேதான். எனவே முதலில் அசைக்க முடியாதவற்றை எழுதுங்கள், தூக்கத்தையும் சேர்த்து. நிறம் பிடித்திருந்தால் இருக்கட்டும், எனக்கு ஒரு பேனாவையே தேடி எடுக்க நேரமாகும்.

இன்னொன்று, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் மதிப்பீடு. அதை நாம் குறைத்தே போடுகிறோம். உளவியலாளர்கள் கானமனும் துவெர்ஸ்கியும் 1979இல் இதைத் 'திட்டமிடல் பிழை' என்றார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல்! இத்தனைக்கும் அவர்கள் உளவியல் மாணவர்கள்.

நானும் இதே ரகம்தான். படிக்கிற காலத்தில் 'கட்டுரை, 2 மணி' என்று எழுதி, முடியாமல் அம்புக்குறி போட்டு மறுநாளுக்குத் தள்ளுவேன். ஒரு கட்டுரை அப்படிப் பதினோரு நாள் நகர்ந்தது. அப்புறம் வெறுத்துப்போய், முடித்த வேலைக்குப் பக்கத்தில் உண்மையில் ஆன நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது: நான் 2 என்றால் அது 5. அதற்குப்பின் எழுதும்போதே இரண்டரையால் பெருக்கிவிடுவேன். உங்களுக்கு வேறு எண் வரலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் பிளானர் வேண்டும்.

உங்கள் பக்கத்தில் பச்சை மையில் 'வேதியியல்' என்று மட்டும் இருக்கிறது, அடிக்கோடு வேறு. அதை எப்போது முடிந்தது என்று அடிப்பீர்கள்? 'மூன்றாம் அலகு, 1 முதல் 8 வரை கணக்குகள்' என்றால் அடிக்கலாம்.

காலியாகக் கிடக்கும் பக்கங்களை நிரப்பப் போகாதீர்கள், இன்றைய தேதியைத் திறந்தால் போதும். வரும் செவ்வாய்க்கு ஒரே ஒரு வரி: 'ரெக்கார்டில் ஒரு படம் வரைவது, 30 நிமிடம்.' உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.