மண்ணெண்ணெயில் கழுவிய பிளாக்

வணக்கம் ஐயா,

அப்பா விட்டுச்சென்ற ஜாகுவார் இ-டைப் கார், 4.2 லிட்டர் இன்ஜின். வீட்டு ஷெட்டிலேயே இறக்கிப் பிரித்துவிட்டேன். பிளாக்கின் சிலிண்டர்களைக் குடைந்து (போர்), உட்சுவரைக் கல்லால் தேய்த்து (ஹோனிங்) வந்துவிட்டது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 0.010 அங்குலம் அரைத்து வந்திருக்கிறது. பிளாக்கை மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்தேன். கிராங்கில் இருக்கும் பிளக்குகள் அசையவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பூட்டப்போகிறேன். கூடுதல் பவருக்கு எந்த கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போடலாம்? மூன்று எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் பதில் வெபர் மாட்டலாமா? 9-க்கு 1 கம்ப்ரஷனை இன்னும் ஏற்றலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீட்டில் ஆசையாகக் கட்டிய இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் ஏன் பேரிங்கை (கிராங்கைத் தாங்கும் உலோக வளையத்தை) தின்றுவிடுகிறது என்று எழுத வேண்டும் எனக் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தின் நடுவில் அதற்கான விடை இருக்கிறது. அடுத்த வாரம் பூட்டாதீர்கள்.

கார்புரேட்டர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். 2 அங்குல எஸ்.யூ. மூன்று, ரோட்டில் ஓட்டும் காருக்குத் தாராளம். ஸ்பிண்டில் (அதன் உள் தண்டு) தேய்ந்து காற்று இழுக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கம்ப்ரஷன் 9-லேயே இருக்கட்டும்.

மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். ஹோனிங் கல் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிவிட்டுப் போகிறது. நாளை அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்க வேண்டும். இன்று அங்கே தங்கியிருப்பது கல் தூளும் இரும்புத் தூளும். மண்ணெண்ணெய் பிசுக்கைக் கரைக்கும், தூளைத் தூக்காது. பெட்ரோலும் அப்படித்தான். பிசுக்கு போனதும் சுவர் பளிச்சென்று தெரியும். தூள் கோட்டின் அடியிலேயே கிடக்கும். அதன்மேல் புது ரிங்கை ஏற்றி ஓட்டினால் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும், மிச்சம் எண்ணெயோடு பேரிங்குக்குப் போகும்.

தூளைப் பிடித்து வெளியே கொண்டுவருவது சோப்புதான். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, விறைப்பான நைலான் பிரஷ். ஒவ்வொரு சிலிண்டராகத் தேய்த்து அலசுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு உட்சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் பூத்து வந்தால் மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வரும்வரை நிறுத்தக் கூடாது. வார்ப்பிரும்பு என்பதால் ஈரம் காயும்போதே துரு பூக்கும். காற்றடித்த கையோடு எண்ணெய் பூசிவிடுங்கள். ஆயில் கேலரி (பிளாக்கில் எண்ணெய் ஓடும் துளை) பிளக்குகளையும் கழற்றி, நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டு இதே சோப்புநீரில் கழுவ வேண்டும். தண்ணீர் ஜாக்கெட்டை மூடியிருக்கும் கோர் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஜாக்கெட்டில், முக்கியமாகப் பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றி, துருச் சேறு அடைத்திருக்கும். இந்த இன்ஜின் சூடாவதற்கு ரேடியேட்டர் மட்டுமே காரணம் அல்ல.

அடுத்தது கிராங்க். "அசையவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்" என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தப் பிளக்குகளுக்குப் பின்னால் இருப்பது எண்ணெய் வழி. கிராங்க் சுழலும்போது எண்ணெயில் இருக்கும் கனமான அழுக்கு வெளிப்பக்கம் வீசப்பட்டு அங்கே போய்ப் படிகிறது. பல வருஷத்துச் சேறு இறுகிக் கிடக்கும். இப்போது அரைத்த தூளும் அதோடு சேர்ந்திருக்கும். புது எண்ணெய் சூடாக ஓட ஆரம்பித்ததும் இது கட்டி கட்டியாகப் பெயர்ந்து நேராக பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்கப் பேரிங்குக்கு) வரும். ஃபில்டர் இதைத் தடுக்காது, ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் அல்லவா இருக்கிறது!

பிளக் நகராமல் இருப்பதற்குக் காரணம், விளிம்பில் பஞ்ச் அடித்துப் பூட்டியிருப்பது. அந்தப் பஞ்ச் தடத்தைச் சிறிய டிரில்லால் மேலாக எடுத்துவிட்டு, சுற்றிலும் சூடேற்றி, நல்ல ஆலன் பிட்டை முழு ஆழத்துக்கு இறக்கித் தட்டித் திருப்புங்கள். உள் மூலை மழுங்கிவிட்டால் பலவந்தம் வேண்டாம், லேத் பட்டறையில் கொடுத்து எடுத்துவிடுங்கள். திரும்பப் போடும்போது திரெட் லாக்கர் போட்டு இறுக்கி, மறுபடி பஞ்ச் அடிக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் அளவு. மெயின் ஜர்னல் (கிராங்கில் பேரிங் பிடிக்கும் பகுதி) அரைப்பதற்கு முன் 69.85 மி.மீ. விட்டம். விட்டம் 25 மி.மீ.க்கு 0.025 மி.மீ. இடைவெளி என்ற பொதுக்கணக்கில் சுமார் 0.07 மி.மீ. வரும். பாரம் ஏறும்போது ஒரு பக்கத்தில் எண்ணெய்ப் படலம் சில மைக்ரானாக (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) மெலிந்துவிடும். 0.02 மி.மீ. தூள் ஒன்று அங்கே வந்தால் பேரிங்கின் மெத்தென்ற உலோகத்தில் பதிந்து ஜர்னலைக் கீறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, அரைத்துத் தந்தவர் சொன்ன அளவை நம்பாமல் ஏழு மெயின் ஜர்னலையும் ஆறு கிராங்க்பின்னையும் (கனெக்டிங் ராட் பிடிக்கும் இடம்) நீங்களே மைக்ரோமீட்டரில், ஒவ்வொன்றையும் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். ஓரத்து வளைவு கூர்மையாக அரைபட்டிருந்தால் கிராங்க் அங்கேதான் பிற்பாடு விரிசல் விடும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் இழை) வைத்து பேரிங் கேப்பை முழு டார்க்கில் இறுக்கிப் பாருங்கள், அப்போது கிராங்கைச் சுற்றக் கூடாது. எண்ட் ஃபுளோட் (கிராங்க் முன்னும் பின்னும் அசையும் அளவு) 0.10 முதல் 0.15 மி.மீ. வரை.

மற்றவை சுருக்கமாக. இந்த இன்ஜினில் 1-ஆம் சிலிண்டர் பின்னால், ஃபிளைவீல் பக்கம் இருக்கிறது. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. எக்ஸாஸ்ட் பக்க டேப்பெட் ஸ்லீவ் (டேப்பெட் ஏறி இறங்கும் குழல்) தளர்ந்து மேலே வந்து கேமில் அடிக்கும், பிடிப்புத் தகடு போட்டுவிடுங்கள். வால்வு ஷிம் (வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) எழுத்து வரிசையில் வரும்; ஏ-யில் 0.085 அங்குலத்தில் தொடங்கி, எழுத்துக்கு 0.001 கூடி, இஸட்டில் 0.110-இல் முடியும். ஹெட் ஏறிய பிறகு, கேம் டைமிங் வைக்கும்வரை கிராங்கையோ கேமையோ இஷ்டத்துக்குச் சுற்றினால் வால்வு வளைந்துவிடும். கேம்ஷாஃப்ட் பழையதே இருக்கட்டும்.

அப்பாவின் காரை மறுபடி ஓடவைத்துக் கேட்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அந்தச் சத்தம் அதேதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் மெக்கானிக்கல் ஆயில் கேஜ் ஒன்று மாட்டுங்கள். காரில் இருக்கும் எலெக்ட்ரிக் சென்டரை (அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் கருவியை) நம்ப முடியாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முள் ஏறிய பிறகுதான் பிளக். சூடான இன்ஜினில் 3000 சுற்றில் 40 பவுண்ட் அழுத்தம் நிற்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயை வடித்து, ஃபில்டர் எலிமென்ட்டின் மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளிப் பொடி மினுங்கினால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் எனக்கு எழுதுங்கள்.