தூரிகை கேள்வி-பதில்: பனிக்கு வெள்ளை பெயின்ட் தேவையில்லை

கேள்வி: ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பனிக்காலக் காட்சிகளை வாட்டர்கலரில் தொடராக வரைந்து வருகிறேன். மரம், பறவை எல்லாம் தேறிவிட்டன. பனி மட்டும் அழுக்குச் சாம்பலாகவே வருகிறதே?

பதில்: நிழலுக்குக் கறுப்பைக் கலக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். வெயில் நாளில் பனியின் நிழல் பகுதிக்கு வெளிச்சம் வருவது நீல வானத்திலிருந்து. அதனால்தான் அந்த நிழல் நீலமாகத் தெரிகிறது. கறுப்பு ட்யூபை மூடி வைத்துவிட்டு, அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) சேருங்கள். மேகமூட்டமான காட்சிக்குச் சியன்னாவைச் சற்றே கூட்டினால் போதும். சாயங்கால வெயிலென்றால் வெளிச்சப் பக்கத்தில் மிக நீர்த்த ஆரஞ்சு, நிழலில் ஊதா சாய்ந்த நீலம்.

அழுக்குக்கு இன்னொரு காரணம், காய்வதற்குள் மறுபடி மறுபடி தேய்ப்பது. நிழலை ஒரே பூச்சில் முடித்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும் என்பதால், வேண்டியதைவிட ஒரு படி அழுத்தமாகவே போடலாம். மரத்தின் நிழல் அடிமரத்தருகே கூர்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக விளிம்பு மங்கும். அந்த இடத்தில் மட்டும் ஈரப் பிரஷை ஓட்டி விளிம்பைக் கரையுங்கள். பனிமேட்டின் மேல்வரம்புக்குக் கோடே வேண்டாம். பின்னாலிருக்கும் மரக்கூட்டத்தை அழுத்தமாகத் தீட்டினால், விட்டுவைத்த தாளின் வெள்ளையே பனியாகிவிடும்.

கேள்வி: நிறம் படக்கூடாத இடத்தில் பூசிவைக்கும் ரப்பர் திரவமான மாஸ்கிங் ஃப்ளூயிடை உரிக்கும்போது தாளும் சேர்ந்து கிழிகிறது.

பதில்: ஹேர் டிரையரால் காய வைத்தீர்களா? சூடு பட்டால் அது தாளோடு ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் விட்டுவைத்தாலும் இதே கதைதான். தானாகக் காயவிட்டு, நிறம் முழுவதும் உலர்ந்த அன்றே விரலால் உருட்டி எடுங்கள். பூசுவதற்குப் பழைய பிரஷ், அதையும் முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ள வேண்டும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாள் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: உப்பு தூவினால் பனி விழுவதுபோல் வருமாமே?

பதில்: வரும், பூச்சின் மினுமினுப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் தூவினால். குளமாக நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்துபோகும். காய்ந்தபின் போட்டால் ஒன்றும் ஆகாது. படத்துக்குப் படம் இதையே செய்தால் சலித்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: இலையுதிர்ந்த மரம் துடைப்பம்போல் இருக்கிறது என்கிறார் ஆசிரியர்.

பதில்: எல்லாக் கிளைகளும் ஒரே புள்ளியிலிருந்து, ஒரே தடிமனில் கிளம்பினால் அப்படித்தான் இருக்கும். கிளை மெலிவது பெரும்பாலும் பிரியும் இடங்களில்தான். பிரிந்த கிளைகளின் பருமனையெல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய தாய்க்கிளையின் பருமன் வரும் என்று லியொனார்டோ டாவின்சி குறித்து வைத்தார். வரைவதற்கு அந்தக் கணக்கு இன்றும் உதவும். மரத்தின் இனத்தையும் கவனியுங்கள். மேப்பிளில் கிளைகள் எதிரெதிராகக் கிளம்பும்; ஓக்கில் மாறிமாறி. நீண்ட மயிருள்ள ரிகர் பிரஷை அடியிலிருந்து நுனி நோக்கி இழுத்து, போகப் போக அழுத்தத்தைக் குறையுங்கள். நுனிச் சுள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைய வேண்டாம். உலர்ந்த பிரஷால் வெளிறிய சாம்பல்பழுப்பை லேசாகத் தடவினாலே கூட்டமாகத் தெரியும். கிளையின் மேற்புறம் மட்டும் பனி நிற்கும், செங்குத்துக் கிளையில் அதுவும் சொற்பம்.

கேள்வி: முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரே மரத்தை வாரம் ஒருமுறை, ஒரே அளவுத் தாளில் வரைந்து பின்புறம் தேதி போடுங்கள். ஒவ்வொன்றையும் மொபைலில் கறுப்பு-வெள்ளையாகப் படமெடுத்து வரிசையாக வையுங்கள். பனி, நிழல், பின்னணி மூன்றும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குறை நிறத்தில் இல்லை, வெளிச்ச-இருட்டு வேறுபாட்டில்தான். அடுத்த படத்துக்கு முன் பென்சிலால் தீப்பெட்டி அளவில் நான்கைந்து மாதிரிகள் போட்டு, எது அதிக இருட்டு என்பதை அதிலேயே முடிவு செய்துவிடுங்கள்.