ஒயின் படித்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

நுண்ணுயிரியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். ஒயின் தயாரிக்கும் வேலைக்குப் போக ஆசை. "சாராயக் கம்பெனிக்கா?" என்கிறார் அப்பா. பிரான்சில் படிக்க வேண்டுமென்றால் வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். படித்தால் வேலை கிடைக்குமா?

ம.,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள ம.,

வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். இப்போதைக்கு நாசிக்குக்கு ஒரு ரயில் டிக்கெட் போதும்.

இந்திய ஒயின் தொழில் பெரும்பாலும் மகாராஷ்டிரத்தில், அதிலும் நாசிக்கைச் சுற்றி. நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரை ஒட்டிய நந்தி மலை. அங்கே குரோவர் என்ற ஒயின் கம்பெனி தொடங்கியது 1988, நாசிக்கில் சூலா கம்பெனி 1999. சின்ன வயதுத் தொழில். ஒரு நிறுவனத்துக்குத் தலைமை ஒயின்மேக்கர் ஒருவர்தான், அந்த நாற்காலி லேசில் காலியாகாது. ஆள் தேவைப்படுவது அவருக்குக் கீழே, ஆய்வகத்திலும் தொட்டியடியிலும். புதுச்சேரி ஓட்டல்களில் கிடைப்பது ஒயின் பரிமாறும் வேலை. அது வேறு தொழில்.

நாசிக்கில் திராட்சை அறுவடை ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை. வேலை குவிவது அப்போதுதான். தீபாவளி முடிந்ததுமே அந்த சீசனுக்கு வேலை கேட்டுக் கம்பெனிகளுக்கு எழுதுங்கள். எடுத்துக்கொண்டால் முக்கால்வாசி நேரம் கழுவுவீர்கள்: ஹோஸ், பம்ப், தொட்டி, தரை, மறுபடியும் ஹோஸ். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோல் மேலே மிதந்து தடித்த அடையாகக் கட்டிக்கொள்ளும். அடியிலிருந்து சாற்றை பம்ப் செய்து அதன்மேல் பாய்ச்சி, தினமும் நனைக்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து குறிக்க வேண்டும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றால் ஒரு சதவீதம் ஆல்கஹால். பாதியில் இறக்கம் நின்றுவிட்டால் ஈஸ்ட் பட்டினி கிடக்கிறதா, சூட்டில் சோர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். உங்கள் படிப்புக்கு வேலை அங்கேதான். ஒன்று மட்டும்: வடித்த தொட்டிக்குள் கரியமில வாயு தங்கியிருக்கும். யார் சொன்னாலும் காற்றைச் சோதிக்காமல் உள்ளே இறங்காதீர்கள்.

அந்த சீசன் முடிந்தும் ஆசை மிச்சமிருந்தால் பிரான்ஸைப் பற்றிப் பேசலாம். அங்கே 'எனோலோக்', அதாவது ஒயின் நிபுணர், என்று சொல்லிக்கொள்ளவே 1955 சட்டப்படி அதற்கான பட்டயம் வேண்டும், பிரெஞ்சு இல்லாமல் அது கதைக்கு ஆகாது. பிரெஞ்சு கற்றுத்தரும் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸ் உங்களுக்கு ஒரு பஸ் தூரம். அதற்கு இப்போதே போகலாம்.

அப்பாவிடம், நொதித்தல் தெரிந்தவர்களை வினிகர், பால்பொருள், மருந்துக் கம்பெனிகளிலும் எடுப்பார்கள் என்று சொல்லுங்கள். பொய்யில்லை. நாசிக் போவதற்குள் கொஞ்சம் இந்தி பழகிக்கொள்ளுங்கள். ரப்பர் பூட்ஸ் அவர்கள் தருவார்களா, நாம் வாங்க வேண்டுமா என்பதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.